பட்டறைக் கேள்வி பதில்: பம்ப் வாங்கும் முன் சேஸிஸைக் கழற்றுங்கள்

சென்ற இதழில் லோரைடர் கார்களைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதினேன். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய அமெரிக்கக் கார், சுவிட்சைத் தட்டினால் எழுந்து நிற்கும், விடாமல் தட்டினால் முன்பக்கம் துள்ளிக் குதிக்கும் என்ற அளவில் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த நாலு வருடமும் சனிக்கிழமை தவறாமல் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு லோரைடர் பட்டறையில் கூடமாட நின்றவன் நான். அங்கே பார்த்ததையும் என் கையால் செய்ததையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, நான் டொராண்டோவில் இருக்கிறேன். போன வருடம் ஒரு 1964 ஷெவர்லே இம்பாலா வாங்கினேன். எண்ணெய் அழுத்தத்தில் காரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் போட ஒரு கடையில் கேட்டபோது, பம்ப், சிலிண்டர், பேட்டரி எல்லாவற்றையும் இப்போதே மாட்டிக்கொள்ளலாம், சேஸிஸுக்குத் தகடு அடிப்பதை, அதாவது அடிச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு வெல்ட் செய்து பலப்படுத்துவதை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் காரைக் குதிக்க விடப் போவதில்லை, ஏற்றி இறக்கினால் போதும். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால் அது சேஸிஸ் வேலையாக இருக்கட்டும், பம்ப் அடுத்த வருடம் வரட்டும். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு இதுதான் பதில்.

உங்கள் காரின் சேஸிஸ் லாரிக்கு இருப்பது போல ஏணி வடிவம் கிடையாது. 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாவுக்கு எக்ஸ் வடிவச் சேஸிஸ். முன்னாலும் பின்னாலும் அகலமாக விரிந்திருக்கும், நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சட்டமே இருக்காது. 1965-இல்தான் காரின் ஓரத்தைச் சுற்றி வரும் சட்டத்துக்கு மாறினார்கள். நாலு சக்கரமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும் குடும்பக் காருக்கு இந்த எக்ஸ் போதும். நீங்களோ ஒரு மூலையை மட்டும் தூக்கி, எதிர்மூலையைத் தாழ்த்தி நிறுத்தப் போகிறீர்கள். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி அந்த முறுக்கு முழுவதும் நடு இடுப்பில் வந்து சேரும். குதிக்காவிட்டாலும் சேரும்.

அப்புறம் சிலிண்டர் உட்காரும் இடம். இம்பாலாவின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்குக்கு உள்ளேதான் ஷாக் அப்சார்பர் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிலிண்டரை நிறுத்துகிறார்கள். ஸ்பிரிங்கின் தலை போய் முட்டுகிற கிண்ணத்தில் துளையைப் பெரிதாக்கினால்தான் சிலிண்டர் மேலே நுழையும். அதாவது எந்த இடத்துக்கு இனிமேல் அதிக பாரம் வரப்போகிறதோ அதே இடத்தில் இரும்பை வெட்டி எடுக்கிறோம். ஷாக்கும் போய்விட்டதால் பள்ளத்தில் விழுந்த அடியைத் தணிக்க ஆளில்லை, வெட்டிக் குட்டையாக்கிய கெட்டி ஸ்பிரிங் அதை அப்படியே சேஸிஸுக்குக் கடத்திவிடுகிறது.

ஒரு கதை சொல்கிறேன். நாங்கள் இருந்த பட்டறைக்கு ஒரு 1963 இம்பாலா வந்தது. வளைவில் திரும்பும்போது இடது முன்பக்கத்தில் ‘டக்’ என்று சத்தம். வேறெங்கோ சக்கரத்தையும் ஆர்மையும் இணைக்கும் பால் ஜாயிண்டை இரண்டு தடவை மாற்றியும் சத்தம் போகவில்லை. எங்கள் பட்டறைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் கிண்ணத்தின் மேலே கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைத் தேய்த்து எடுத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். மயிரிழை போல ஒரு கோடு, அதன் ஓரத்தில் செம்மண் தண்ணீர் வழிந்து காய்ந்த மாதிரி துரு. சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தை அடித்ததும் அந்தக் கோடு சிவப்பாக ஊறி வெளியே வந்தது, என் நடுவிரல் நீளத்துக்கு மேல் இருந்தது. எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் சிலிண்டருக்காக கேஸ் கட்டிங்கில் வெட்டிய அந்தத் துளையின் ஓரத்தில். வெட்டியவர் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்காமல் பல்பல்லாக விட்டிருந்தார், அதில் ஒரு பல்லிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. அந்தக் கார் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை என்று உரிமையாளர் சொன்னார், நான் நம்புகிறேன்.

சரி, எப்படிச் செய்ய வேண்டும்? பாடியைத் தூக்கிவிட்டு சேஸிஸைத் தனியாக எடுங்கள். தூக்கும் முன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே குழாய் வைத்து முட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறக்கும்போது கதவு சாத்தாது. நீங்கள் இருப்பது டொராண்டோ, பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிற ஊர். அந்த உப்பு சேஸிஸ் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்து தின்றிருக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். மணலடித்துச் சுத்தம் செய்தபின் சுத்தியலால் நீளம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். ‘டிங்’ என்ற சத்தம் ‘டொப்’ என்று மாறுகிற இடத்தில் நல்ல இரும்பு இல்லை. மெலிந்த இரும்பின் மேல் தகடு ஒட்டுவது வேலையே ஆகாது, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும்.

ஏற்றி இறக்க மட்டும் என்றால் சேஸிஸ் முழுவதையும் தகட்டால் மூட வேண்டிய கட்டாயம் இல்லை. முன் ஸ்பிரிங் கிண்ணங்கள், முன்சக்கரத்தை மேலே தாங்கும் கை போன்ற மேல் ஆர்ம் பிடிக்கும் இடம், முன் குறுக்குச் சட்டம், எக்ஸின் நடு இடுப்பு, பின் ஆக்சிலுக்கு மேலே சேஸிஸ் வளைந்து ஏறும் இடம், பின் ஆக்சிலைப் பிடிக்கும் பின் ஆர்ம்கள் மாட்டும் காதுகள் ஆகிய இடங்களுக்குச் செய்தால் நன்றாக நிற்கும். தகடு 3/16 அங்குலம், அதாவது 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. குதிக்கிற கார் என்றால் முழுவதும் மூடி, அடி வாங்கும் இடங்களில் 1/4 அங்குலத் தகடும் பின் ஆக்சிலுக்கு மேலே ஒரு பாலமும் வைப்பார்கள்.

தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தாதீர்கள். கெட்டியான இடம் சட்டென்று முடிந்து மெல்லிய இடம் தொடங்கினால், அந்த வெல்டிங் கோட்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் வரும். முனையை மீன் வாய் போலவோ ஈட்டி போலவோ சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். வெல்டிங்கும் ஒரே மூச்சில் நீளமாக ஓட்டக்கூடாது. பெரியவர் இரண்டு அங்குலம் போடுவார், எழுந்து எதிர்மூலைக்குப் போய் இரண்டு அங்குலம் போடுவார், திரும்பி வந்து முதல் இடத்துக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிச் சூட்டைப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்தது. சேஸிஸ் முழுவதும் கனத்த மேசையில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். காலையும் மாலையும் மூலைவிட்டத்தில் டேப் வைத்து இரண்டு பக்கமும் அளப்போம், 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்று வெல்டிங் நின்றுவிடும். மூன்று வாரம் ஆனது ஒரு சேஸிஸுக்கு. தகட்டால் மூடும்போது பாடி போல்ட் துளைகள், பிரேக் பைப் பிடிக்கும் துளைகள், தண்ணீர் வடியும் துளைகள் எல்லாவற்றையும் முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டு அப்புறம் தேடுவது பெரிய அவஸ்தை.

மதுரையில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன் சார். ஒரு வீடியோவில் இம்பாலாவின் பின்பக்கத்தை மேலே தூக்கும்போது பின்சக்கரம் இரண்டும் ஒரே பக்கமாக நகர்ந்து போவதைப் பார்த்தேன். ஆக்சில் கழன்றுவிட்டதா?

கழலவில்லை. கண் கூர்மையாகத்தான் இருக்கிறது உங்களுக்கு. இம்பாலாவின் பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் அசையாமல் பிடிப்பது பேன்ஹார்டு கம்பி என்ற ஒற்றைக் கம்பி. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். கார் மேலே போகும்போது அந்தக் கம்பி வட்டத்தில் சுழல்கிறது, நீளாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கம்பி ஒரு மீட்டர், முதலில் மட்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தை 30 செ.மீ. தூக்கினால் ஆக்சில் நாலரை செ.மீ. பக்கவாட்டில் இழுபடும். 40 செ.மீ. தூக்கினால் எட்டு செ.மீ.யைத் தாண்டும். ஒரு பக்க டயர் ஃபெண்டரில் உரசும், ரப்பர் புஷ் கிழியும், கம்பி பிடித்திருக்கும் காது வளையும். அதனால்தான் பின்னால் 8 அங்குலச் சிலிண்டருக்கு மேல் போகிறவர்கள் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, பின் ஆக்சிலின் நடுவே உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலின் தலையிலிருந்து சேஸிஸின் இரு பக்கமும் விரியும் முக்கோண ஆர்ம் போடுகிறார்கள். ஆக்சில் நேர்கோட்டில் ஏறி இறங்கும்.

நீங்கள் டீசல் வண்டிக்காரர், ஆகவே இன்னொன்றும் உங்களுக்குச் சட்டென்று புரியும். பின்பக்கம் ஏறும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு திசை மாறுகிறது, எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத் தேவையும் மாறுகிறது. இம்பாலாவில் இரண்டு துண்டு ஷாஃப்ட், நடுவில் சென்டர் பேரிங், எக்ஸின் இடுப்புக்குள் நுழைந்து போகிறது. கோணம் அதிகமானால் கிராஸ் ஜாயிண்ட் நுகத்தில் முட்டும், நீளம் போதாவிட்டால் சென்டர் பேரிங்கைப் பிய்க்கும். வழுக்கும் நீளம் அதிகமுள்ள ஷாஃப்டும், நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய மேல் ஆர்மும், சற்று நீட்டிய கீழ் ஆர்மும் சேர்த்துப் போட்டால்தான் இது தீரும். சிலிண்டரை மட்டும் பெரிதாக வாங்கிவிட்டு இதையெல்லாம் விட்டவர்களின் ஷாஃப்டைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன். ஆமாம், இடுப்புக்குள் தகடு வைக்கும்போது ஷாஃப்ட் உரசாமல் சுற்ற இடம் விட வேண்டும், அதையும் டொராண்டோ தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். முன்பக்கம் மேல் ஆர்மை வெட்டி நீட்டுகிறார்களே, அழகுக்கா?

பாதி அழகு, பாதி தேவை. கம்பெனி ஆர்மோடு முன்பக்கத்தை உச்சிவரை தூக்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்துவிடும், அந்த நிலையில் ஓட்டினால் டயரின் உள்ளோரம் சீக்கிரம் தேயும். மேல் ஆர்மை ஒரு அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குலம் நீட்டினால், தூக்கிய நிலையில் சக்கரம் நிமிர்ந்து நிற்கும். அதற்குப் பதிலாகக் காரைப் படுக்க வைக்கும்போது தலை வெளியே சாயும். எந்த உயரத்தில் அதிகம் ஓட்டுவீர்கள் என்று முடிவு செய்துகொண்டு சக்கரக் கோணங்களை, அதாவது அலைன்மென்டை, அந்த உயரத்துக்கு வைக்க வேண்டும், எல்லா உயரத்துக்கும் சரியாக வராது. நீட்டிய ஆர்மை உள்ளே தகடு வைத்து இருபக்கமும் முழுதாக வெல்ட் செய்திருக்கிறார்களா என்று குரோம் பூசும் முன்பே பாருங்கள். பூசியபின் தெரியாது.

சேலத்தில் டயர் கடை எங்களுடையது. இவ்வளவு பெரிய காருக்கு அந்தக் குட்டி 13 அங்குல டயர் தாங்குமா?

நல்ல கேள்வி, டயர் கடைக்காரர்தான் கேட்பார். கம்பெனியில் வந்தபோது 1964 இம்பாலாவுக்கு 14 அங்குலச் சக்கரம். லோரைடர்கள் விரும்புவது 13-க்கு 7 அங்குலக் கம்பிச் சக்கரமும் 155/80 ஆர் 13 டயரும். அந்த டயரின் பக்கவாட்டில் 79 என்று பாரக் குறியீடு இருக்கும், ஒரு டயருக்கு 437 கிலோ. நாலுக்கும் சேர்த்து 1,748. கார் மட்டுமே 1,600 கிலோ அளவில் இருக்கிறது. டிக்கியில் ஆறு பேட்டரி, ஒவ்வொன்றும் 25 கிலோவுக்கு மேல். பம்ப், எண்ணெய், சேஸிஸில் சேர்த்த தகடு, அப்புறம் நாலு பேர் உட்கார்ந்தால்? கணக்கு தாண்டிவிட்டது. பேட்டரி எல்லாம் பின்னால் இருப்பதால் பின் டயர் இரண்டும்தான் பெரும்பாரத்தைச் சுமக்கும். அந்த அளவு டயரைத்தான் போடுவேன் என்றால் காற்றை ஒவ்வொரு முறையும் பார்த்து, ஊருக்குள் மெதுவாக மட்டும் ஓட்ட வேண்டும், நெடுஞ்சாலையில் கூடாது. என்னைக் கேட்டால் 14 அங்குலக் கம்பிச் சக்கரமே போதும், அழகும் குறையாது.

சென்னையில் எலக்ட்ரீசியன். ஆறு பேட்டரியைத் தொடராக இணைத்தால் 72 வோல்ட். மோட்டார் கருகாதா?

நீளமாக அழுத்திப் பிடித்தால் கருகும். அது சில நொடிகள் ஓடி நிற்பதற்கான மோட்டார், ஆகவே சுவிட்சைத் தட்டித் தட்டி விடுவார்கள். வழக்கமாக முன் பம்புக்கு 72, பின்னுக்கு 36 அல்லது 48 கொடுப்பார்கள். பயப்பட வேண்டியது சொலினாய்டுக்கு, அதாவது பேட்டரியின் பெரும் மின்சாரத்தை மோட்டாருக்கு இணைத்துத் துண்டிக்கும் ரிலேவுக்கு. அதற்குள் தொடும் செம்புத் தகடுகள் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டால் சுவிட்சை விட்டாலும் மோட்டார் நிற்காது. அதற்காக நெகட்டிவ் வயரில் கையால் பிடுங்கக்கூடிய இணைப்பு ஒன்று, டிக்கியைத் திறந்தவுடன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், டிக்கியை மூடி வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், பக்கத்தில் கிரைண்டரும் ஓட வேண்டாம். இன்னொன்று: ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திய காருக்குக் கீழே யாரும் தலையை நீட்டக்கூடாது. ஒரு ஹோஸ் தெறித்தால் கார் அந்த நொடியே கீழே வரும். இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே போக வேண்டும்.

கோவை. என் தாத்தாவின் அம்பாசடரை இப்படி மாற்ற முடியுமா?

அம்பாசடரில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். மேலே சொன்ன எதுவும் அதற்கு அப்படியே பொருந்தாது. அதைவிட முக்கியம், சட்டம் விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி தந்த அமைப்பை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். தாத்தாவின் காரைத் தாத்தா வைத்திருந்த மாதிரியே ஓட வையுங்கள், அதற்கே வேண்டிய வேலை இருக்கும்.

சான் ஹோசேயில் வசிக்கிறோம். கல்லூரி படிக்கும் மகன் லோரைடர் கிளப் ஒன்றில் பழகுகிறான், சனி ஞாயிறு முழுக்க அங்கேதான். ரவுடிக் கூட்டம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பெற்றோராக என்ன செய்வது?

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, ஸ்பிரிங்கை வெட்டியும் டிக்கியில் மணல் மூட்டை வைத்தும் தாழ்த்தி, குளித்து உடுத்தி, குடும்பத்தோடு மெதுவாக ஊர்வலம் போனார்கள். மற்றவர்கள் வேகத்துக்குக் காரை மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1958-இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008-ஆம் பிரிவு, சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்றது. அடுத்த வருடமே ரான் அகிரே என்ற இளைஞர் விமான உபரி ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைக் கண்டால் காரை உயர்த்திக்கொள்ளலாம், போனதும் இறக்கிக்கொள்ளலாம். இன்று நாம் பேசும் பம்பும் சிலிண்டரும் அந்தச் சட்டத்துக்குச் சொன்ன பதிலாகப் பிறந்தவை. 1979-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் விட்டியர் பூலவார்டில் ஊர்வலத்தையே தடுத்து நிறுத்தினார்கள். பல ஊர்களில் தடை வந்தது. 24008-ஆம் பிரிவும் அந்த ஊர்த் தடைகளும் 2024 ஜனவரி 1-இல்தான் நீங்கின. அத்தனை வருடம் தங்கள் ஊர்ச் சாலையில் மெதுவாகக் கார் ஓட்டியதற்காக அபராதம் கட்டியவர்களைத்தான் ரவுடி என்கிறோம்.

நீங்கள் இருக்கும் சான் ஹோசேயில்தான் 1977-இல் இந்தக் கார்களுக்கென்றே ‘லோரைடர்’ பத்திரிகை தொடங்கியது. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரில் ஒரு குடும்பம் உருவாக்கிய 1969 ஃபோர்டு எல்டிடி லோரைடரை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. ரோஜாக்களை வரைந்த ‘ஜிப்ஸி ரோஸ்’ என்ற 1964 இம்பாலா 2017-இல் அந்நாட்டின் வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்ந்தது. நான் பழகிய கிளப்பில் மது குடித்துவிட்டு சாவியைத் தொட்டால் அன்றோடு வெளியே. ஞாயிற்றுக்கிழமை பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், எனக்கு முதல் தட்டு சாப்பாட்டைத் தந்ததும் அவர்களில் ஒருவர்தான்.

ஒரு ஞாயிறு மகனோடு நீங்களும் போய் வாருங்கள். கிளப் பெரியவர்கள் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்று நேரில் பாருங்கள். அங்கே சில கார்களுக்குக் கீழே தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி பரப்பியிருப்பார்கள், சேஸிஸைக் காட்டுவதற்காக. பாடியின் நிறத்திலேயே அடியிலும் பெயிண்ட் அடித்து, ஆர்முக்கெல்லாம் குரோம் பூசியிருப்பார்கள். மகனைப் பக்கத்தில் கூப்பிட்டு, தகடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலையாக இருந்தால் அவனாலும் லேசில் கண்டுபிடிக்க முடியாது, இருவரும் குனிந்து வெகுநேரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.